ரெட்டைக்கொம்பு

மலை ஏறுகிறவன் என்று எங்கள் தெருவில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கார் போகிற மலைகள், மேலே கோயில் இருக்கிற மலைகள், ஆட்கள் போட்டோ எடுக்கப் போகிற மலைகள், இவற்றின் பக்கம் நான் தலைவைத்துப் படுப்பதில்லை. எனக்கு வேண்டியது ஊருக்குப் பின்னால் சும்மா கிடக்கிற பாறைக்குன்றுகளும், ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் தொடங்குகிற முகடுகளும்தான். அடிவாரத்தில் வீடு கட்டி இருப்பவனுக்கே பெயர் தெரியாத உச்சி என்றால் எனக்கு இன்னும் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவனை எங்கள் சபையில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடிவாரத்துக்காரர்கள் அதைவிட மோசம். பையும் தொப்பியுமாக ஒருவன் குன்றைப் பார்த்து நின்றால் அவன் சர்வேயர், இல்லையென்றால் குவாரிக்காரனின் ஆள், இரண்டும் இல்லையென்றால் சாக வந்தவன். சும்மா ஏற வந்தேன் என்று சொன்னால் மூன்றாவது என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு அம்மா எனக்கு மோர் தந்து, "வீட்டுல பிள்ளைய இருக்காவல்லா, எல்லாம் சரியாவும்" என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கூட ஆள் வந்தால் எனக்கு எரிச்சல் வரும். பேசுவார்கள், உட்காருவார்கள், மேலே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட நான் போன வருஷம் முழுக்க ஒருவனைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவன் அவன். குளச்சல்காரன், முப்பதைத் தாண்டியவன். ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் வருவான். முன்பு துறைமுகத்துப் பெரிய படகுகளில் ஆழ்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். அண்ணன் ஒரு புயலில் கடலோடு போன பிறகு அவன் கடலில் இறங்கவில்லை. மற்றவர்கள் பிடித்ததை வாங்கி விற்கிறான்.

ஒருநாள் சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டே கேட்டான்:

"சாரே, நீங்க எல்லா மலையும் ஏறுவியளாமே. ரெட்டைக்கொம்பு ஏறியிருக்கியளா?"

அப்படி ஒரு மலை இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சொன்னேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன்.

"இருக்கு சாரே. கடல்ல நின்னா தெரியும்."

அவன் அவசரப்பட்டுப் பேசுகிறவன் அல்ல. ஒவ்வொரு நாளும் மீன் தருகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் அப்பா பழைய ஆள், இப்போது உயிரோடு இல்லை. கரையிலிருந்து சில மைல் தள்ளிக் கடலுக்கு அடியில் ஒரு பாறைத்திட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கடலில் இப்படிப்பட்ட திட்டுக்குப் பார் என்று பெயர். மீன் அங்கேதான் கூடும். தண்ணீருக்கு மேலே ஒரு அடையாளமும் இல்லாத இடத்துக்குத் திரும்பவும் எப்படிப் போவது? கரையைப் பார்க்க வேண்டும். கரையில் ஒன்றும் அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னொன்றும் ஒரே நேராக வந்து நின்றால் அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம்தான் பார். இதைக் கணியம் என்கிறார்கள். அவர்கள் அப்பாவின் கணியத்தில் முதல் கோடு, முட்டத்துக் கலங்கரை விளக்கமும் மருந்துவாழ்மலையும். அதில் குழப்பம் இல்லை. இரண்டாவது கோடு, குளச்சல் பங்குக்கோயில் கோபுரத்துக் குரிசு, அதாவது சிலுவை, அதற்குப் பின்னால் ரெட்டைக்கொம்பு. இரண்டு கொம்புக்கும் நடுவிலிருக்கிற இடுக்கில் குரிசு வந்து நிற்க வேண்டும்.

பார் குடும்ப ரகசியம். அப்பா அதை மூத்தவனுக்குக் காட்டிக்கொடுத்தார். இளையவன் பெரிய படகுக்குப் போய்விட்டதால் அவனுக்குத் தேவைப்படவில்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை அப்பாவோடு போனபோது கொம்பைப் பார்த்த ஞாபகம் மட்டும் உண்டு. புயல் அடித்த அன்று காலையில் அண்ணன் அந்தப் பாரிலிருந்துதான் அம்மாவுக்குப் போன் செய்தான். "காத்து பிடிக்குது. பார்ல நிக்கேன். வலையை எடுத்துட்டு வந்திருவேன்" என்றானாம். அதற்குப் பிறகு போனும் இல்லை, வள்ளமும் இல்லை, உடலும் இல்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். கடற்கரை ஊர்களில் அன்று கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கிற பெரிய குரிசின் அடியில் ஏற்றுவது வழக்கம். இவனுடைய அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. "எம்பிள்ளை அங்க இல்ல. இல்லாத எடத்துல கொளுத்த மாட்டேன்" என்று வருஷா வருஷம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாராம். அவன் கடைசியாக நின்ற இடத்துக்கு என்னைக் கொண்டுபோ, அங்கே பூப் போடுகிறேன் என்பதுதான் அவர் கேட்டது. இவன் கொண்டுபோகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் இப்போது கடலுக்குப் போகிறவர்களிடம் ரெட்டைக்கொம்பைக் கேட்டால், எங்கே, காணவில்லையே என்கிறார்கள். எல்லோருக்கும் ஜி.பி.எஸ். இருக்கிறது. மலையைப் பார்க்க யாருக்கு நேரம்?

புயலில் ஒரு வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்குமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. காற்று எங்கெல்லாமோ இழுத்துக்கொண்டு போயிருக்கும். அதை அவனிடம் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாதா என்ன.

போனில் இருந்த என் மலைகளையெல்லாம் அவனிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். "இது இல்ல. இது இல்ல. இதுவும் இல்ல சாரே." ஒரு மனிதன் பத்திருபது வருஷமாக வெயிலில் வெந்து ஏறியதையெல்லாம் ஈரக்கையால் இப்படித் தள்ளுகிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நானேதான் சொன்னேன்.

முதலில் சிதறாலுக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றுக்குப் போனோம். உச்சியில் இரண்டு பெரிய பாறைகள் நிற்கும். அதுதான் கொம்பு என்று எனக்குப் பாதி நம்பிக்கை. அவன் ரப்பர் செருப்போடு வந்தான். ஏறத் தெரியவில்லை. மூச்சு வாங்கியது. அதைவிட எனக்கு எரிச்சல், அவன் மேலே பார்க்கவே இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று திரும்பித் தெற்கே பார்த்தான். மலை ஏறுகிறவன் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கால் தவறும் என்று அதட்டினேன். சரி சாரே என்றான். மறுபடியும் திரும்பினான்.

உச்சிக்கு வந்ததும் பாறைகளை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தென்னந்தோப்புகளுக்கு மேலே மங்கலாக இருந்த கடலை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது இல்ல சாரே. முன்னால அந்த மேடு மறைக்கி. இந்த மலை கடலுக்குத் தெரியாது."

கடலுக்குத் தெரியுமா தெரியாதா என்று எந்த மலையையும் அதுவரை நான் யோசித்ததில்லை.  இறங்கும்போது அவன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டான்.

அதன்பிறகு இன்னும் சில குன்றுகள். எதுவும் இல்லை. மழைக்காலம் வந்தது, போனது. ஒவ்வொரு தடவையும் அவன் அம்மா ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து, "கண்டியளா?" என்று கேட்பாராம். அதை அவன் சிரித்துக்கொண்டு சொல்வான். கேட்கிற எனக்குச் சிரிப்பு வராது.

கடைசியில் கீரிப்பாறைக்கு மேலே ஒரு முகடு. ரப்பர் தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும், வாங்கினோம். கூட வந்த வனக்காவலர் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் ஏறினோம். மூடுபனி. ஈரப்புல். ஒரு இடத்தில் அவன் என் பையைப் பிடித்துக்கொண்டு வந்தான். உச்சி கூர்மையாக, ஒரே ஒரு கொம்பாக இருந்தது. ஒன்றுதான். இதுவும் போச்சு என்று நினைத்தேன். அலுப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பனி விலகியது. கீழே ரப்பர், அதற்குப் பிறகு வாழையும் தென்னையும், அதற்குப் பிறகு கம்பி இழுத்துக் கட்டின மாதிரிக் கடல். அவன் எழுந்து நின்று ஒரு கையை நீட்டினான். கண்ணை இடுக்கிக்கொண்டு குளச்சல் பக்கம் பார்த்தான். கை நீண்டிருந்த திசையில், பாதி தூரத்தில், தக்கலைக்கு இந்தப் பக்கம் ஒரு பாறைக்குன்று தனியாக நின்றது.

"சாரே," என்றான்.  "ரெட்டைக்கொம்பு ஒரு மலை இல்ல சாரே. ரெண்டு மலை. இது ஒரு கொம்பு. அன்னா கெடக்கல்லா, அது மத்த கொம்பு."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தூரத்திலிருக்கிற பெரிய மலையும் கிட்டத்திலிருக்கிற சின்னக் குன்றும் கடலில் நின்று பார்த்தால் ஒரே உயரமாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்று ஒரே மலையின் இரண்டு கொம்பாகிவிடும். நடுவில் பத்து மைல் நாடு கிடப்பது கடலில் இருப்பவனுக்குத் தெரியாது. நாங்கள் தேடியலைந்த மலை தரையில் எங்கேயுமே இல்லை. அந்தக் கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு மட்டும்தான் அது மலை.

அவன் அழுதான். பிறகு சிரித்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மலைமேல் யாரும் என்னைக் கட்டிப்பிடித்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கிட்டக் குன்றை எனக்குத் தெரியும். வெகுகாலத்துக்கு முன் ஏறியிருக்கிறேன். உச்சியில் ஒரு கூர்க்கல் நிற்கும், அதன் நிழலில் இருந்து ஆரஞ்சு தின்றிருக்கிறேன். இப்போது அதன் ஒரு பக்கம் வெள்ளையாக மின்னியது. மழையில் நனைந்த பாறை வெயிலில் மின்னுகிறது என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே போனோம். குன்றுக்குப் போகிற பாதை முன்பு ஒற்றையடிப் பாதை. இப்போது லாரி போகிற அகலத்துக்கு இருந்தது. இரண்டு பக்கத்துக் கமுகும் வாழையும் வெள்ளைத் தூசியில் மூடிக்கிடந்தன. வளைவு திரும்பியதும் குன்று முடிந்துவிட்டது. குன்று இருந்த இடத்தில் பெரிய குழி. குழியில் பச்சையாகத் தண்ணீர். தெற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சுவர் மிச்சம் நின்றது. மலையிலிருந்து நாங்கள் பார்த்தது அதைத்தான். வெட்டின பாறைதான் அப்படி மின்னியிருக்கிறது. உச்சியும் இல்லை, கூர்க்கல்லும் இல்லை. எந்தத் துறைமுகத்தில், எந்த ரோட்டில், யார் வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறதோ.

எனக்கு வந்த கோபத்தில் கையில் அகப்பட்ட கல்லை எடுத்துக் குழிக்குள் வீசினேன். அங்கே கல்லுக்கா பஞ்சம்.  அவன் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மேலே, உச்சி இருந்திருக்க வேண்டிய காற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மைட்ட கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்லிட்டேன் சாரே," என்றான் கடைசியில்.

நான் வீட்டுக்குப் போய் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சி இருந்த இடம் எனக்குத் தெரியும். முதல் கோடு சரியாக இருக்கிறது. இரண்டையும் வைத்துப் போனில் ஒரு புள்ளி குத்தினேன். புள்ளி என்று சொன்னாலும் அது அங்கேயும் இருக்கலாம், ஒரு மைல் இந்தப் பக்கமும் இருக்கலாம். இடுக்கில் குரிசு எப்படி நிற்கும் என்பது கண்ணால் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பார் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். "எங்க வீட்டு முற்றத்தளவு இருக்கும் சாரே. அப்பா அப்படித்தான் பறஞ்சது." ஒரு மைல் கடலில் ஒரு முற்றத்தைத் தேட வேண்டும். இருந்தாலும் போகலாம் என்றான். போகாமல் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்றான்.

கல்லறைத் திருநாளன்று காலையில் மழை விட்டிருந்தது. அந்த மாதிரி நாட்களில்தான் மலைகள் கழுவி வைத்தது போல் தெளிவாகத் தெரியும். உறவுக்காரர் ஒருவரின் ஃபைபர் வள்ளம். புயலுக்குப் பிறகு அவன் கடலில் இறங்கியது அன்றுதான்.  அவனுடைய அம்மா வள்ளத்தின் நடுவில், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையில் செவ்வந்தியும் மெழுகுதிரியும். அங்கே பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள், யாரும் தடுக்கவில்லை.  ஏறிய கொஞ்ச நேரத்திலேயே நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அந்த அம்மா என் முதுகைத் தடவிவிட்டார்.

முட்டத்துக் கலங்கரை விளக்கமும் மருந்துவாழ்மலையும் நேராக வந்தன. அந்தக் கோட்டிலேயே என் புள்ளியை நோக்கிப் போனான். போன் இங்கேதான் என்றது. இஞ்சினை அணைத்தான். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினான். பாறை என்றால் குண்டு தட்டுவது கைக்குத் தெரியுமாம். இழுத்துப் பார்த்தான். சேறு. கொஞ்சம் தள்ளிப் போய் இறக்கினான். மணல். இன்னும் தள்ளி. மறுபடியும் சேறு. இறக்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கரையைத் திரும்பிப் பார்த்தான். கோபுரத்துக் குரிசு தெரிந்தது. அதற்குப் பின்னால், வெகுதூரத்தில், நாங்கள் ஏறிய கீரிப்பாறை உச்சி நீலமாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் வானம்தான் இருந்தது. வாந்திக்கு நடுவே நானும் பார்த்தேன். என் கால் பட்ட மலைகள்தான் எல்லாம். கடலில் நின்று பார்த்தபோது அந்த உச்சியைத் தவிர ஒன்றைக்கூட என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

வெயில் ஏறியது. அவன் இறக்குவதை நிறுத்தவில்லை. கயிறு இழுத்து இழுத்துக் கை சிவந்திருந்தது. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குண்டை மேலே இழுத்து வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, இங்கதான். பூவப் போடு" என்றான்.

அவர் பூவை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சாரே, எங்க அந்த ரெட்டைக்கொம்பு? எனக்குக் காட்டித் தாங்க. எங்க வீட்டுக்காரரு பறஞ்சிருக்காரு, நான் கண்டதில்ல."

நான் கையை நீட்டினேன். ஒரு கொம்பைக் காட்டினேன். மற்றதைக் காட்ட முடியவில்லை. கை அப்படியே நின்றது. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"ஒண்ணுதான் நிக்கி," என்றார்.

"மத்தத ஒடச்சிட்டானுவ அம்மா," என்றான் மகன். "குவாரி."

அவர் வெகுநேரம் கரையையே பார்த்தார். அலை வள்ளத்தைத் திருப்பியது, அவரும் உடம்பைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்.

"மலையும் போச்சா?" என்றார்.

பிறகு பையின் வாயை முறுக்கிக் கட்டினார். "திரும்பு மக்கா."

"இன்னொரு தடவ எறக்கிப் பாக்கேன் அம்மா."

"மதி, போதும். திரும்பு."

அவன் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினான். வள்ளத்திலிருந்து இறங்கிய அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நனைந்த சேலையோடு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். உள்ளே ஒவ்வொரு கல்லறையிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நடுவிலிருக்கிற பெரிய குரிசுக்குப் போனார். அதன் அடியில் உட்கார்ந்து பூவை வைத்து, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக ஊன்றிக் கொளுத்தினார். காற்றில் அணைய அணையத் திரும்பவும் கொளுத்தினார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் வாய்விட்டு அழுதார். பிள்ளை செத்துப்போனான் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

மகன் உள்ளே போகவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னோடு வெளியே நின்றான். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது.  அவன்தான் பேசினான்.

"சாரே, பொறத்த உள்ள மலை, அந்தக் கீரிப்பாறை மலை, அப்படியேதான இருக்கு. அது காட்டுக்குள்ள. அத யாரும் வெட்ட மாட்டானுவ. அத மட்டும் வச்சு ஒண்ணும் பாக்க முடியாதா?"

இடுக்கு போன பிறகு ஒற்றை மலையை வைத்துக் கடலில் எந்த இடத்தையும் சொல்ல முடியாது. அது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.